சொல்லாமற் பொறுத்த வேதனை

திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் தாமிரபரணியின் கரையை விட்டு விலகாமலே நடந்து, பாபநாசத்தில் தொடங்கிப் புன்னைக்காயலில் முடித்துக்கொண்டமையால், அந்நதியின் நீர் பாயாத தென்கோடியாகிய ராதாபுரம் வட்டாரத்துக்கு அவர்களுடைய ஏடுகளில் கிடைத்த இடம் மிகச் சிறிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இப்பூமியில், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே ஆனி ஆடி மாதங்களில் புகுந்து வீசும் காற்றும், கடலோரத்துத் தேரியின் செம்மணலும், மழை பெய்தாலன்றி நீர் காணாத நம்பியாறும், அவற்றையெல்லாம் பொறுத்து நின்ற பனைமரங்களுமே மக்களின் வாழ்வை நிர்ணயித்தன. ஊர் நடுவே வரகுண பாண்டீசுவரர் ஆலயம் பாண்டியர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சற்றுத் தொலைவிலுள்ள இடையன்குடியில் 1841 ஆம் ஆண்டில் வந்து குடியேறிய கால்டுவெல் ஐயர், அரை நூற்றாண்டுக் காலம் இம்மண்ணையே தம் இருப்பிடமாகக் கொண்டு, இங்கிருந்தே திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தையும் திருநெல்வேலிச் சரித்திரத்தையும் எழுதினார். ஆயினும் அரசர்களையும் பாளையக்காரர்களையும் பஞ்சங்களையும் பற்றி நமக்கு எழுதி வைத்தவர்கள் எவரும், இவ்வட்டாரத்து வீடுகளின் உள்ளறையில் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுத்து வந்த ஒரு வேதனையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. தாம்பத்திய உறவின்போது பெண்ணுக்கு உண்டாகும் வலியையே நான் குறிப்பிடுகிறேன். அது நோய் என்று கருதப்படாமல், பெண்ணாய்ப் பிறந்ததற்கு உரிய கடமையாகவே கருதப்பட்டு வந்தது; அதைச் சொல்லாதிருப்பதே ஒரு வழக்கமாயிற்று.

அவ்வழக்கத்தை விசாரிக்குமுன் அவர்களுடைய உணவைச் சிறிது விசாரிக்க வேண்டும். ஏனெனில் இவ்விரண்டும் நம் காலத்தில் எதிர்பாராத ஓரிடத்தில் வந்து சந்திக்கின்றன. ஆற்றுப் பாசனத்தார் அன்றாடம் உண்ட நெல்லுச்சோறு ராதாபுரத்துப் புன்செய்க் குடிகளுக்குத் திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் உரிய உணவாகவே நெடுங்காலம் இருந்தது. கம்பங்கூழ், சோளச்சோறு, கேழ்வரகுக் களி, சாமை, மழை தவறிய வருஷங்களில் பனங்கிழங்கு, பனையேறும் மாதங்களில் பதநீர், ஆண்டு முழுவதும் கருப்பட்டி, உவரி முதலான கடற்கரை ஊர்களிலிருந்து தலைச்சுமையாய் வரும் மீனும் கருவாடும் என்று அவர்களுடைய அடுக்களை நடந்தது. பெண் பெரியவளானால் உளுந்தை வறுத்து அரைத்துக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய களியைப் பாட்டிமார்கள் நாள் தவறாமல் ஊட்டினார்கள். இடுப்பெலும்பு உறுதிப்படும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கும் மிளகும் பூண்டும் சேர்த்த லேகியம் கொடுத்தார்கள். பெண்ணுடம்பைப் பற்றிய அக்கறை அம்மக்களிடத்தில் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. பூப்புக்கும் பிரசவத்துக்கும் அவர்கள் வகுத்து வைத்த பத்தியங்கள் அத்தனை நுட்பமானவை. அவ்விரண்டுக்கும் இடையில் கிடக்கும் மணவாழ்வின் வேதனைக்கு மட்டும் பத்தியமும் இல்லை, மருந்தும் இல்லை, கேட்பாரும் இல்லை. தாயிடம் துணிந்து சொன்ன மகளுக்குக் கிடைத்த மறுமொழி, “பொறுத்துக்கோ மக்களே, ஒரு பிள்ளை பெத்தா எல்லாஞ் சரியாப் போவும்” என்பதுதான். உடம்புச் சூடு என்று சொல்லி எண்ணெய் முழுக்காட்டுவதற்கு மேல் ஊர் மருத்துவச்சியும் வழி அறியாள். அவளுடைய கைத்திறமெல்லாம் பிரசவத்தோடு நின்றது.

நம் பழைய வைத்திய நூல்கள் இவ்விஷயத்தை அறியாதிருக்கவில்லை. சரக சம்ஹிதையின் சிகிச்சாஸ்தானம் பெண்ணுறுப்பில் தோன்றும் நோய்களை இருபது வகையாகப் பிரித்து, வேதனை மிகுந்தவற்றையும் வறட்சி மிகுந்தவற்றையும் தனித்தனியே கூறுகிறது. அதே சிகிச்சாஸ்தானத்தில், உண்ட அன்னம் உடம்பில் ஒட்டாமல் நாட்பட்ட பேதியாய்க் கழிந்து தேகத்தை மெலிவிக்கும் கிரகணி என்னும் நோய் பதினைந்தாம் அத்தியாயத்திலும், பெண்ணோய்கள் முப்பதாம் அத்தியாயத்திலும் வைக்கப்பட்டிருக்கின்றன. கிராணி என்று நம் கிராமத்தார் இன்றும் வழங்குவது அம்முதல் நோயையே. ஆனால் சம்ஸ்கிருத நூலில் எழுதியிருந்தது பனை விளையில் பாடுபட்ட பெண்ணின் காதுக்கு எட்டவில்லை. எட்டியிருந்தாலும் ஆண் வைத்தியரிடம் அவள் தன் வேதனையைச் சொல்லியிருப்பாள் என்று நினைப்பதற்கில்லை.

ஆங்கில வைத்தியம் இச்சீமைக்கு வந்தது பாதிரிமார் வழியாகத்தான். மேற்கே திருவிதாங்கூர் எல்லைக்குள் நெய்யூரில் 1838 ஆம் ஆண்டில் லண்டன் மிஷன் வைத்தியசாலை தோன்றியது. வடகிழக்கே நாசரேத்தில் 1870 ஆம் ஆண்டில் டாக்டர் ஸ்டிராச்சன் லூக்கா வைத்தியசாலையை நிறுவினார். ராதாபுரத்தார்க்கு இவ்விரண்டுமே வண்டி கட்டிக்கொண்டு போகவேண்டிய தூரம். இடையன்குடியில் கால்டுவெல் ஐயரின் மனைவி எலைசா அம்மையார், நாகர்கோயிலிலேயே வளர்ந்து தமிழைத் தாய்மொழிபோற் பேசியவர், பெண்களுக்குப் பள்ளி நடத்தி எழுத்தும் சரிகைப் பின்னலும் கற்பித்தார். எனினும் பெண்ணின் அந்தரங்க வேதனையைப் பெண்ணொருத்தியிடமே சொல்லக்கூடிய நிலை உண்டாவதற்கு மேரி ஷார்லிப் அம்மையார் 1875 ஆம் ஆண்டில் சென்னை வைத்தியக் கல்லூரியில் மாணவியாகச் சேரவும், 1885 ஆம் ஆண்டில் திரைமறைவில் வாழும் கோஷா ஸ்திரீகளுக்கென்று ஆஸ்பத்திரி ஒன்று எழவும் வேண்டியிருந்தது. திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என்று வழங்குவது அதுவே. ஆனால் சென்னை எங்கே, ராதாபுரம் எங்கே! அதன் கதவு இவ்வட்டாரத்துப் பெண்களுக்குத் திறந்திருந்ததாகச் சொல்லுவது உபசார வார்த்தையாகத்தான் இருக்கும்.

இவ்வேதனை முதன்முதலில் தேசமெங்கும் வாய்விட்டுப் பேசப்பட்டது நீதிமன்றத்தில்தான் என்பது நம் சரித்திரத்தின் துயரமான அத்தியாயம். 1890 ஆம் ஆண்டில் கல்கத்தாவில், பதினொரு வயது மதிக்கத்தக்க புல்மணி தாசி என்னும் சிறுமி, முப்பது வயதைக் கடந்த கணவனால் உண்டான காயத்தால் உயிரிழந்த வழக்கு விசாரணைக்கு வந்தது. அவ்வழக்கின் விளைவாக, சம்மத வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சட்டம் 1891 ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதை எதிர்த்து எழுந்த கூச்சலை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. நம் தாமிரபரணி நாட்டிலே, பெருங்குளத்தில் பிறந்த மாதவையா, 1903 ஆம் ஆண்டில் ‘முத்துமீனாக்ஷி’யை எழுதி, பால்ய விவாகத்தின் கொடுமையை ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே வெளியிட்டார். வைத்தியப் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையில் அமர்ந்து, பெண்ணின் மணவயதை உயர்த்தவேண்டுமென்று வைத்தியராகவும் பெண்ணாகவும் நின்று வாதாடினார். 1930 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு வயதை எல்லையாக வகுத்தது. சட்டம் சிறுமியைக் காக்க முனைந்தது, அது வேண்டியதே. வயது வந்த பின்னும் வலியோடு வாழும் மனைவியைப் பற்றிச் சட்டத்துக்கும் கவலையில்லை, சீர்திருத்தக்காரர்களுக்கும் கவலையில்லை.

இனி அடுக்களைக் கதைக்குத் திரும்புவோம். ஜப்பானியர் பர்மாவைப் பிடித்த 1942 ஆம் ஆண்டோடு ரங்கூன் அரிசி நம் துறைமுகங்களுக்கு வருவது நின்றது. தட்டுப்பாடும் ரேஷனும் வந்தன. அரிசிக்கு ஈடாகக் கோதுமையை அளந்து போட்டார்கள். அதை எப்படிச் சமைப்பதென்று அறியாமல் கஞ்சியாய்க் காய்ச்சியும் உப்புமாவாய்க் கிண்டியும் நம் பெண்கள் திண்டாடினார்கள். அதற்குமுன் கோதுமை திருநெல்வேலியார்க்குப் பெரும்பாலும் அல்வாவாகவே அறிமுகம். சம்பாக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் கிண்டும் அந்தப் பண்டம் விசேஷ நாட்களுக்கு உரியது. அரிசி இன்மையால் கோதுமை நம் நாட்டில் புகுந்த அதே யுத்த காலத்தில், கோதுமை இன்மையால் ஐரோப்பாவில் ஒரு பெரிய வைத்திய உண்மை உறுதிப்பட்டது. நாட்பட்ட பேதியால் வயிறு உப்பி, உடம்பு உலர்ந்து சாகும் குழந்தைகளின் நோயை 1888 ஆம் ஆண்டிலேயே லண்டன் வைத்தியர் சாமுவேல் ஜீ தெளிவாக வருணித்து, குணமாவதானால் உணவாலேதான் ஆகும் என்று கருதியிருந்தார். எந்த உணவு என்று அவர்க்குத் தெரியவில்லை. ஹாலந்தில் வில்லெம் டிக்கே என்னும் குழந்தை வைத்தியர், யுத்தத்துக்கு முன்பிருந்தே கோதுமையின்மேல் ஐயம் கொண்டிருந்தவர், 1944 ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் நாடே ரொட்டியின்றிப் பட்டினி கிடந்தபோது இந்நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறியதையும், ரொட்டி மீண்டபோது நோயும் மீண்டதையும் கண்டு, 1950 ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். அந்நோயே சீலியாக் நோய்.

கோதுமையிலும் பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைச் சிலருடைய உடம்பு பகையாகக் கருதிப் போர் தொடுக்கிறது; அப்போரில் அழிவது சிறுகுடலின் உட்சுவரிலே சத்தை உறிஞ்சுவதற்காக அமைந்த நுண்ணிய விரல்கள். அதனால் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் சுண்ணாம்புச்சத்தும் உடம்பில் ஏறாமற் போகின்றன. பேதி இல்லாமலே, தீராத சோகையாகவும் ஓயாத களைப்பாகவும் மட்டும் இந்நோய் பலரிடம் வெளிப்படுகிறது. பெண்களிடத்திலோ பூப்புத் தாமதமாகிறது, கரு தங்காமல் போகிறது, சிலர்க்கு மாதவிலக்கு முன்னதாகவே நின்றுவிடுகிறது. குழந்தையில்லாதிருந்த பெண்கள் குளூட்டனை நீக்கிய உணவுக்குப்பின் கருத்தரித்ததை இங்கிலாந்து வைத்தியர்கள் 1970 ஆம் ஆண்டில் எழுதினார்கள். 2002 ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர்கள், அடிவயிற்று வலியாலும் மாதவிலக்கு வலியாலும் தாம்பத்திய உறவின்போது உள்ளே ஆழத்தில் எழும் வேதனையாலும் துன்புற்ற ஒரு பெண்ணுக்கு, மூலநோய் சீலியாக்கே என்று கண்டு, உணவு மாற்றத்தால் அவ்வேதனை தணிந்ததை வெளியிட்டார்கள். ஒரு பெண்ணின் வரலாறு பொதுவிதி ஆகாது. இவ்வேதனைக்குக் கிருமித்தொற்றும், கருப்பை உட்சவ்வு வெளியே வளர்வதும், பிரசவத் தையலும், பாலூட்டும் காலத்து வறட்சியும், அச்சத்தால் தசை இறுகுவதும் மிகச் சாதாரணமான காரணங்கள். அவற்றையெல்லாம் தேடியும் காணாதபோது, வயிற்று உபத்திரவமும் சோகையும் கூடவே இருந்தால், குடலையும் விசாரிக்க வேண்டும் என்பதே அந்த வரலாறு நமக்குத் தரும் பயன்.

சீலியாக் வடநாட்டார் நோய், நமக்கென்ன என்று கேட்பார் உண்டு. அதற்கு விடையாக ஒரு பெரிய ஆராய்ச்சி இருக்கிறது. இந்தியாவின் மூன்று பகுதிகளில் 23,000-க்கு மேற்பட்டோரைப் பரிசோதித்து, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோரும் பிறரும் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, வடக்கே ஆயிரம் பேரில் எட்டுப் பேருக்கு மேல் சீலியாக் நோய் உண்டு. தெற்கே பதினாயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவர்க்கே உண்டு. ஆனால் அந்நோய்க்கு இடந்தரும் மரபுக்கூறுகள் வடக்கே நூற்றுக்கு 38 பேரிடமும் தெற்கே 36 பேரிடமும் காணப்பட்டன. வித்தியாசம் மிக அற்பம். பெரிய வித்தியாசம் கோதுமையில்தான்: அவர்கள் நாளொன்றுக்கு 455 கிராம் உண்டார்கள், நம்மவர் 25 கிராம். நம் பாட்டிமார்களைக் காத்ததில் கம்புக்கும் சோளத்துக்கும் உளுந்துக்கும் பெரும் பங்கு இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் காவல் இன்று தளர்ந்துவிட்டது. வள்ளியூரிலிருந்து ராதாபுரம் வரை மாலையானால் கடைதோறும் பரோட்டாக் கல் சூடேறுகிறது. சர்க்கரை நோயாளிகள் இரவுச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டார்கள். குழந்தைகளுக்குக் காலையில் பிஸ்கட், பள்ளியிலிருந்து வந்தால் நூடுல்ஸ். சாம்பாரில் இடும் கூட்டுப் பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. கம்பு விளைந்த புன்செய்களில் இப்போது காற்றாலைகள் நிற்கின்றன. உணவு ஒரு தலைமுறைக்குள் மாறிவிட்டது. பெண்ணின் வேதனையை மூடி மறைக்கும் வழக்கமோ அணுவளவும் மாறவில்லை. மகப்பேறு வைத்தியரிடம் போகும் பெண் வயிற்றுக் கோளாற்றைச் சொல்வதில்லை, குடல் வைத்தியரிடம் போகும் பெண் தாம்பத்திய வேதனையைச் சொல்வதில்லை, இருவரும் கேட்பதுமில்லை. சரக சம்ஹிதையின் பதினைந்தாம் அத்தியாயமும் முப்பதாம் அத்தியாயமும் ஒரே உடம்பைப் பற்றியவை என்பதை நினைவூட்ட அங்கே ஒருவரும் இல்லை.

ஆகவே இதைப் படிக்கும் தாய்மார்களுக்கும் மாமியார்களுக்கும் ஒரு விண்ணப்பம்: மகளோ மருமகளோ வலிக்கிறது என்று வாய் திறந்தால், பொறுத்துக்கொள் என்று சொல்லாமல் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள், சோகையும் வயிற்று உப்புசமும் நாட்பட்ட பேதியும் இருந்தால் அவற்றையும் சேர்த்தே சொல்லச் சொல்லுங்கள். சீலியாக் நோயை அறிய முதலில் ஓர் இரத்தப் பரிசோதனையும், அதில் ஐயம் தோன்றினால் குடலின் உட்சுவரிலிருந்து எடுக்கும் சிறு துணுக்கின் பரிசோதனையும் போதும். அப்பரிசோதனைகள் முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. முன்னதாக நிறுத்திவிட்டால், இருக்கும் நோயும் சோதனையில் தெரியாமற் போய்விடும்.