ஈசினோபீலியா கூட்டு மருந்துகள்

ஈசினோபீலியா கூட்டு மருந்துகள் என்பவை, யானைக்கால் நோய்ப் புழுக்களால் ஏற்படும் ஒவ்வாமை இருமலுக்கும் இளைப்புக்கும் தரப்படும், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகள் சேர்ந்த மாத்திரைகளும் பாகுமருந்துகளும் ஆகும். பெரும்பாலும் இவற்றில் புழுக்கொல்லியான டைஎத்தில்கார்பமசினுடன் (டி.இ.சி.) குளோர்பெனிரமின் அல்லது செடிரிசின் இருக்கும். சிலவற்றில் சளியிளக்கியும் சேரும்.

நோய்

மருத்துவ நூல்கள் இதனை வெப்பமண்டல நுரையீரல் ஈசினோபீலியா என்கின்றன. கொசுவழிப் பரவும் புழுக்களின் நுண்குஞ்சுகள் நுரையீரலில் சிக்கும்போது உடல் மிகையாக எதிர்வினை புரிகிறது. இரவில் வறட்டிருமலும் இளைப்பும் மிகும். ஈசினோபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் 3000-க்கு மேல் காணப்படும். நுண்குஞ்சுகளோ குருதியில் தென்படுவதில்லை. மார்பு ஊடுகதிர்ப் படத்தில் தோன்றும் சிறுபுள்ளிகள் காசநோயையும் சிலிக்கா தூசு நோயையும் ஒத்திருக்கக்கூடும். எனவே விருத்தாசலம் போன்ற பீங்கான் தொழில் நடைபெறும் ஊர்களில் நோயாளியின் தொழிலையும் கேட்டறிதல் நன்று.

வரலாறு

மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையின் பிரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-இல் இதனைக் காசநோய் போன்ற வேறொரு நிலையாக விவரித்தனர். 1943-இல் வைங்கார்ட்டன் 'வெப்பமண்டல ஈசினோபீலியா' எனப் பெயரிட்டார். அவர் பயன்படுத்தியது ஆர்சனிக் மருந்து. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் லெடர்லி ஆய்வகம் டி.இ.சி.யை உருவாக்கியது. இந்நோய்க்கு அதன் பயனை டி. ஜே. தனராஜ் 1958-இல் வெளியிட்டார். 1960-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் ஆகியோர் நோயாளிகளின் நுரையீரல் திசுவில் நுண்குஞ்சுகளைக் காட்டினர்.

சேர்க்கைகளும் சிக்கலும்

சளியிளக்கிகளுள் புரோம்ஹெக்சின் நம் ஆடாதோடையிலுள்ள வாசிசினை ஒட்டிச் செய்யப்பட்டது. அம்புராக்சால் அதன் வழிப்பொருள். இவையோ ஒவ்வாமை எதிர்ப்பியோ புழுவைக் கொல்லா. நோயைத் தீர்ப்பது டி.இ.சி. மட்டுமே: நாளொன்றுக்கு உடல் எடையின் கிலோவுக்கு 6 மில்லிகிராம் என மூன்று வாரம். 50 கிலோ எடையுள்ளவருக்கு இது 300 மில்லிகிராம். கூட்டு மாத்திரையில் டி.இ.சி.யின் அளவை உயர்த்தினால் தூக்கம் தரும் மருந்தும் உடன் உயரும். இருமல் தணிந்ததும் மருந்தை நிறுத்துவோர் பலர். முழுச் சிகிச்சைக்குப் பின்னும் சிலருக்கு நுரையீரல் அழற்சி எஞ்சுவதைச் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையத்தாரின் ஆய்வுகள் காட்டின. அது நீடித்தால் நுரையீரல் நாரிழையாக இறுகிவிடும். காசநோயாளி ஒருவர் இம்மருந்தை வாங்கியுண்டு நாள் கடத்துவது அதனினும் தீங்கானது.

இந்திய அரசு 2016 மார்ச்சில் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அவற்றுள் சளி, இருமலுக்கான சேர்க்கைகள் பல. அவ்வாண்டு இறுதியில் தில்லி உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. மறுஆய்வுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 கூட்டுகள் மீண்டும் தடை செய்யப்பட்டன.

ஸ்ரீமுஷ்ணம் அமைந்துள்ள கடலூர் மாவட்டத்தில் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் மக்களுக்கு வழங்கப்பட்ட டி.இ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகள் வேறு வகையின. ஆண்டுக்கு ஒருவேளை உண்ணும் அவ்வளவு, பரவலைத் தடுப்பதற்கானது. ஈசினோபீலியாவுக்கான சிகிச்சை அன்று.