பழைய மாஸிக்கு டிப்பர் பைப் போடலாமா?



போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகன் ஊரிலிருந்து போன் செய்தான். "சித்தப்பா, நம்ம மாஸிக்கு டிப்பர் பைப் போடலாம்னு இருக்கேன். அப்பா வேண்டவே வேண்டாங்குறாரு. நீங்க சொன்னா கேப்பாரு" என்றான்.

அவன் சொல்வது எங்கள் அப்பா 1984-இல் வாங்கிய மாஸி ஃபெர்குசன் 1035. அந்த வண்டிக்கு இப்போது உழவு வேலை அதிகம் இல்லை. பெரிய குதிரைசக்தி வண்டிகள் வந்துவிட்டன. டிப்பர் டிரெய்லர் இழுத்தால் எருவும் செங்கல்லும் ஏற்றித் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் எடைக்குத்தான் போடவேண்டும். இது பையனின் கணக்கு. தப்பில்லாத கணக்கு.

அண்ணன் ஏன் வேண்டாம் என்கிறார் என்பது உறவினர்களுக்குத் தெரியும். மாணவர்களுக்காகச் சொல்கிறேன். 1992-இல் இதே வண்டிக்கு ஒரு பட்டறையில் டிப்பர் பைப் போட்டோம். மூன்றாம் நாள், ஈரமணல் ஏற்றிய டிரெய்லரைத் தூக்க வேண்டியிருந்தது. அண்ணன் பின்னால் குனிந்து ஹோஸ் இணைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சீட்டில் இருந்தவர் லிவரைத் தூக்கினார். டிரெய்லர் அசையவில்லை. அதற்குப் பதிலாக, சும்மா தொங்கிக்கொண்டிருந்த லிஃப்ட் கை மேலே எழும்பியது. அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அன்று மாலையே அப்பா பைப்பைக் கழற்றிக் கிணற்றடியில் போட்டார். அது அங்கேயே மக்கிப் போயிற்று.

"ராசியில்லாத வண்டி" என்றார் அம்மா. "பட்டறைக்காரன் தப்பு" என்றார் அப்பா. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாஸ்கல் விதி நடத்திய எனக்கும் அன்றைக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. ஓய்வுபெற்ற பிறகு இந்த வண்டியின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். அப்போதுதான் விளங்கியது. பையனுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்தான், வகுப்பு மணி அடிக்காது என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

கதை வட அயர்லாந்தில் தொடங்குகிறது. ஹாரி ஃபெர்குசன் 1884-இல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். இயந்திரப் பித்து. 1909 டிசம்பர் 31 அன்று தானே செய்த விமானத்தில் பறந்தார். அயர்லாந்தில் விமானம் ஓட்டிய முதல் ஆள் அவர்தான். முதல் உலகப் போர்க்காலத்தில் உணவு உற்பத்தியைப் பெருக்க, டிராக்டர்களைச் சரியாகப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்கும் வேலை அவரிடம் வந்தது. ஊர் ஊராகப் போய்ப் பார்த்தபோது ஒரு விஷயம் அவர் கண்ணில் பட்டது. டிராக்டர் என்பது மாட்டுக்குப் பதில் வந்த இரும்பு மாடு. கலப்பை பின்னால் தனியாக இழுபட்டுக்கொண்டு வந்தது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால், அக்காலத்து ஃபோர்ட்சன் போன்ற வண்டிகள் முன்பக்கம் எழும்பிப் பின்னால் கவிழ்ந்தன. ஓட்டியவர்கள் நசுங்கிச் செத்தார்கள்.

ஃபெர்குசன் யோசித்தது இதுதான்: கலப்பையை இழுக்கக் கூடாது, வண்டியின் உடம்போடு சேர்க்க வேண்டும். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. இன்று உலகத்து டிராக்டர்களில் எல்லாம் இருக்கிற மூன்று முனை இணைப்பு அதிலிருந்து வந்ததுதான். அதற்கு உயிர் கொடுத்தது எண்ணெய். மண் இறுகிப்போனால் கலப்பை டாப் லிங்க்கை முன்னால் தள்ளும். அது ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும். ஸ்பிரிங் வால்வை அசைக்கும். எண்ணெய் அழுத்தத்தால் கைகள் ஒரு துளி மேலே எழும்பும். மண் இளகியதும் மறுபடி இறங்கும். ஓட்டுகிறவர் எதையும் தொட வேண்டாம். கலப்பையின் பாரமும் மண்ணின் இழுப்பும் பின் சக்கரத்தின் மேல் விழுவதால் லேசான வண்டியும் வழுக்காமல் உழும். இதை 1920-களின் நடுவில் காப்புரிமை செய்தார். 1933-இல் தன் சோதனை வண்டியைக் கட்டினார். கறுப்பு வர்ணம் பூசியிருந்ததால் அதற்குக் கறுப்பு டிராக்டர் என்றே பெயர்.

1938-இல் அந்த ஏற்பாட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் ஹென்றி ஃபோர்டிடம் உழுது காட்டினார். இருவரும் கைகுலுக்கினார்கள். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டர் அந்த ஏற்பாட்டோடு வெளியே வந்தது. பிறகு இங்கிலாந்தில் கோவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை டிஇ20 என்ற சாம்பல் நிற ஃபெர்குசன் தயாரானது. 5 லட்சத்துக்கு மேல். நம் வீட்டு மாஸியின் பாட்டன் அதுதான்.

இனி பம்புக்கு வருகிறேன். நம் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாரில் கேட்வால்வை எங்கே வைப்போம்? டெலிவரி பக்கம். ஃபெர்குசன் தன் பம்பில் வால்வை சக்‌ஷன் பக்கம் வைத்தார். வேலை இல்லாத நேரம் பம்புக்குள் எண்ணெயே போகாது. பம்பு சும்மா ஆடிக்கொண்டிருக்கும். எண்ணெய் சூடேறாது, இன்ஜின் சக்தி வீணாகாது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. அந்தப் பம்பைப் பின்பக்கம் பி.டி.ஓ தண்டிலேயே கோத்து, கியர் எண்ணெயிலேயே முக்கி வைத்தார். தனித் தொட்டி இல்லை, வெளியே நீளும் குழாய் இல்லை. எண்ணெய் வண்டியின் வயிற்றுக்குள்ளேயே பிறந்து, அங்கேயே வேலை செய்து, அங்கேயே திரும்பும்.

அவர் மனதில் இருந்தது வண்டியோடு ஒட்டிய கலப்பை. ஆனால் விவசாயி அதோடு நிற்பானா? எருவைக் கொட்ட டிப்பர் டிரெய்லர் வேண்டும், எருவை அள்ள முன்பக்கம் லோடர் வேண்டும் என்றான். இவை வண்டியின் கைகளுக்கு எட்டாத இடத்தில் இருப்பவை. எண்ணெயை ரப்பர் ஹோஸ் வழியாக வெளியே அனுப்பினால்தான் முடியும். வெளிநாட்டில் இதற்கு ரிமோட் ஹைட்ராலிக்ஸ் என்று பெயர். நம் ஊரில் டிப்பர் பைப். ஃபெர்குசன் கம்பெனியே டிஇ20-க்கு டிப்பர் டிரெய்லரும் லோடரும் விற்றது. உள்ளே ஓடும் எண்ணெயில் கொஞ்சத்தை வெளியே எடுத்துக் கொடுத்தார்கள். ஆகவே பழைய வண்டிக்குப் பைப் போடுவது அதன் கற்பைக் கெடுக்கும் காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பூர்வீகத்திலேயே அது உண்டு.

ஆனால் அந்த வெளிவழி ஒட்டுவழிதான். அதனால் நான்கு சங்கடங்கள் கூடவே வந்தன.

முதலாவது, டிரெய்லர் ஜாக்கிக்குப் போகும் எண்ணெயும் லிஃப்ட் கைகளுக்குப் போகும் எண்ணெயும் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. எண்ணெய்க்குப் பாரபட்சம் கிடையாது. எந்தப் பக்கம் பாரம் குறைவோ அந்தப் பக்கம் முதலில் போகும். ஈரமணல் ஏற்றிய டிரெய்லர் ஒரு பக்கம், காலியாகத் தொங்கும் கைகள் இன்னொரு பக்கம். எது முதலில் எழும்பும்? 1992-இல் அண்ணனுக்கு நடந்தது இதுதான். ராசியுமில்லை, பேயுமில்லை. கைகளுக்குப் போகும் எண்ணெயை அடைக்கும் ஒரு வால்வைப் பட்டறையில் வைக்கவில்லை. வைக்கவேண்டும் என்று எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. அந்த நாளில் வெளிநாட்டில் கைகளைச் சங்கிலியால் கீழே கட்டிவிட்டு டிப்பரைத் தூக்கியவர்களும் உண்டு. ஒரு முழம் சங்கிலி அண்ணன் விரல்களைக் காப்பாற்றியிருக்கும்.

இரண்டாவது, பம்பு பி.டி.ஓ தண்டில் இருப்பதால் பழைய வண்டிகளில் கிளட்சை மிதித்தால் பம்பும் நின்றுவிடும். டிப்பருக்கு அது பெரிய தொல்லை இல்லை. லோடருக்குப் பெரும் தொல்லை.

மூன்றாவது, கியருக்கும் ஜாக்கிக்கும் ஒரே எண்ணெய். பெரிய ஜாக்கி நீளும்போது கியர்பெட்டி எண்ணெய் மட்டம் இறங்கும். ஜாக்கிக்குள் இருக்கும் மணலும் தண்ணீரும் திரும்பும் எண்ணெயோடு கியருக்குள் வந்து சேரும்.

நான்காவது, பழைய பம்பு தள்ளும் எண்ணெயின் அளவு குறைவு. மெதுவாகத்தான் தூக்கும். அவசரப்படுகிறவர்கள் இன்ஜினை முறுக்கி முறுக்கிப் பம்பைத் தேய்த்துவிடுவார்கள்.

இந்தச் சங்கடங்கள் தீர்ந்த கதையில் ஒரு கோர்ட்டு வழக்கும் உண்டு. 1947-இல் ஹென்றி ஃபோர்டின் பேரன் காலத்தில் அந்தக் கம்பெனி ஃபெர்குசனோடு உறவை முறித்துக்கொண்டு, அதே ஏற்பாட்டோடு 8என் என்ற வண்டியை விற்கத் தொடங்கியது. 1948-இல் ஃபெர்குசன் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. பணத்தோடு ஒரு நிபந்தனையும் இருந்தது: சக்‌ஷன் பக்க வால்வையும் பி.டி.ஓ தண்டில் ஓடும் பம்பையும் ஃபோர்டு கைவிட வேண்டும். வேறு வழியில்லாமல் ஃபோர்டு தன் அடுத்த வண்டியான என்ஏஏ-வில் பம்பை இன்ஜின் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்தது. விளைவு என்ன தெரியுமா? கிளட்சை மிதித்தாலும் பம்பு நிற்கவில்லை. எண்ணெயை வெளியே அனுப்புவதற்கு அது இன்னும் தோதாக அமைந்தது. பழசைத் தொடாதே என்று கோர்ட்டில் தடுத்ததால் புதுசு பிறந்தது.

ஃபெர்குசன் தன் கம்பெனியை 1953-இல் கனடாவின் மாஸி ஹாரிஸோடு இணைத்தார். மாஸி ஃபெர்குசன் என்ற பெயர் அப்படி வந்தது. 1960-இல் அவர் காலமானார். அதே 1960-இல்தான் சென்னையில் மாஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு டாஃபே கம்பெனி தொடங்கியது. செம்பியத்தில் தயாரான வண்டிகள் தஞ்சாவூர் வரப்பு வரை வந்தன. அதில் ஒன்று எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. அதன் வயிற்றில் இருப்பது அந்த அயர்லாந்துக்காரர் வடிவமைத்த வகைப் பம்புதான்.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்?

போடு என்று சொன்னேன். நிபந்தனைகளோடு.

கைகளுக்குப் போகும் எண்ணெயைத் தனியாக அடைக்கும் வால்வு இல்லாமல் பைப் போடாதே. பட்டறைக்காரர் "அதெல்லாம் தேவையில்லை" என்றால் வேறு பட்டறை பார். உள்ளே இருக்கும் ரிலீஃப் வால்வை, இன்னும் கொஞ்சம் பாரம் தூக்கட்டும் என்று இறுக்கவே கூடாது. பழைய கியர் எண்ணெயை முழுக்க மாற்று. ஜாக்கி முழுக்க நீண்டிருக்கும்போது மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள். லோடர் ஆசை இருந்தால் இந்தப் பம்பில் ஒட்டாதே. இன்ஜின் முன்பக்கம் தனிப் பம்பு, தனித் தொட்டி வைத்துக்கொள். அமெரிக்காவில் 8என் வைத்திருந்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

தூக்கி நிறுத்திய டிப்பருக்கு அடியில், இரும்புத் தாங்கு கொடுக்காமல் ஒருவரும் போகக் கூடாது. ஹோஸ் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஒரு அட்டையைப் பிடித்துப் பார். வகுப்பில் போட்ட கணக்கை நினைவுபடுத்துகிறேன். சதுர அங்குலத்துக்கு 2000 பவுண்டு அழுத்தம். ஜாக்கியின் விட்டம் இரண்டரை அங்குலம் என்றால் பரப்பு ஏறத்தாழ 4.9 சதுர அங்குலம். தூக்கும் விசை 9,800 பவுண்டு, கிட்டத்தட்ட நாலரை டன். அதே அழுத்தம் ஊசிமுனை ஓட்டை வழியே வந்தால் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும். வலிக்கவில்லையே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கையையே இழந்தவர்கள் உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்த வால்வு விஷயத்தை, யார் பக்கமும் பேசாமல், படிப்படியாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப அது எம்மேல தப்பு இல்லியா?" என்று கேட்டார்.

முப்பது வருடமாக அவர் தன்னைத்தான் நொந்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் வண்டியையும் பட்டறையையும் பேசிக்கொண்டிருந்தோம். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

"இல்லண்ணே. நீங்க நின்ன இடத்துல யார் நின்னிருந்தாலும் அதான் நடந்திருக்கும்" என்றேன்.

"சரி, போட்டுக்கட்டும். வால்வு வெச்சப்புறம் நான் பாத்துட்டுத்தான் டிரெய்லர மாட்டணும்" என்றார்.

வரும் வெள்ளிக்கிழமை வேலை தொடங்குகிறது. நானும் ஊருக்குப் போகிறேன். உங்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். பைப் போடச் சொல்லி வருகிறவர் கேட்காவிட்டாலும் அந்த வால்வை நீங்களே வைத்துக் கொடுங்கள். விலை கொஞ்சம் கூடும். ஏன் கூடுகிறது என்று அவருக்கு உட்கார வைத்துச் சொல்லுங்கள். உங்கள் வாத்தியார் கேட்டுக்கொள்வது அவ்வளவுதான்.