கோலார் தங்கவயல் ஆய்வும் காலத்தின் திசையும்

0. முன்னுரை

இயற்பியலில் காலத்தின் திசை பற்றிய செய்திகளைத் தமிழில் தரும்போது இருவேறு கருத்துகள் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றன. கோலார் தங்கவயலில் நிகழ்ந்த புரோட்டான் சிதைவு ஆய்வின் வரலாற்றைக் கொண்டு அவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இருவகைத் திசை

நியூட்டனின் இயக்க விதிகளில் காலத்தின் குறியை எதிர்மறையாக்கினும் விதி மாறுவதில்லை. ஆயினும் உடைந்த கலம் தானே ஒன்றுசேர்வதில்லை. ஒழுங்கான நிலைகளைவிடச் சிதறிய நிலைகள் எண்ணிக்கையில் மிகப் பல. ஆதலின் மாற்றம் சிதறலை நோக்கியே செல்கிறது என்பது போல்ட்ஸ்மன் தந்த விளக்கம். எடிங்டன் 1928இல் வெளியிட்ட நூலில் இதனைக் காலத்தின் அம்பு என்றார். இது விதியில் இல்லாமல், தொடக்க நிலையாலும் எண்ணிக்கையாலும் தோன்றுவது.

மற்றொன்று விதியிலேயே அமைந்தது. மின்னூட்டத்தையும் இடவலத்தையும் ஒருசேரத் திருப்பினால் நடுநிலைக் கே-மேசானின் சிதைவு மாறுபடுவதை 1964இல் க்ரோனின், ஃபிட்ச் குழுவினர் கண்டனர். இவ்விரண்டோடு காலத்தையும் திருப்பினால் விதி மாறாது என்பது தேற்றம். எனவே காலத்தை மட்டும் திருப்பும்போதும் சமச்சீர்மை குலைதல் வேண்டும். அக்குலைவு 1998இல் செர்ன் ஆய்வகத்தில் நேரடியாகக் காணப்பட்டது.

2. சுரங்க ஆய்வு

அண்டத்தில் எதிர்ப்பொருள் அருகிப் பொருள் எஞ்சியதற்கு 1967இல் சகரோவ் மூன்று நிபந்தனைகளைக் கூறினார்: புரோட்டான் போன்ற துகள்களின் நிகர எண்ணிக்கை மாறக்கூடியதாதல், மேற்கூறிய சமச்சீர்மைக் குலைவு, வெப்பச் சமநிலையின்மை. இவற்றுள் இரண்டாவது விதியின் திசையையும் மூன்றாவது எண்ணிக்கையின் திசையையும் சார்ந்தன. ஒன்று மட்டும் போதாது என்பதே இங்குக் கருதத்தக்கது.

முதல் நிபந்தனைக்குரிய சோதனை புரோட்டான் சிதைவு. தமிழ்த் தொழிலாளர் மிகுதியாக உழைத்த இச்சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், அண்டக்கதிர்களைப் பாறை பெரிதும் தடுத்தது. வளிமண்டல நியூட்ரினோக்கள் 1965இல் இங்குக் கண்டறியப்பட்டன. 1980இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய ஆய்வாளரும் ஏறத்தாழ 140 டன் இரும்புத் தகடுகளாலான கருவியை நிறுவினர். சிதைவாக இருக்கக்கூடிய சில நிகழ்வுகளையும் அறிவித்தனர். பின்வந்த பெரிய நீர்த்தொட்டிக் கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. முதன்மையாகத் தேடப்படும் சிதைவு வகைக்குப் புரோட்டானின் வாழ்நாள் 1ஐ அடுத்து 34 சுழியங்கள் கொண்ட ஆண்டுகளினும் மிகுதி என்பது இன்றைய வரம்பு. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது.

3. சொல்லாக்கம்

தமிழ் இலக்கணக் கலைச்சொற்களிலேயே திசையுணர்வு உண்டு. ‘இற’ என்பது கடத்தலையும் ‘எதிர்’ என்பது நேர்வருதலையும் குறிக்கும். ‘முன்’ என்பதோ ‘முன்னாள்’ என்பதில் கழிந்ததையும் ‘முன்னேற்றம்’ என்பதில் வருவதையும் சுட்டும். எனவே ‘காலம் முன்னோக்கிச் செல்கிறது’ என்னும் தொடர் அறிவியல் உரைநடைக்குப் பொருந்தாது. ‘சிதைவு’ என்பதும் வழக்கில் அழிவைக் குறிப்பதால், துகள் வேறு துகள்களாக மாறுவதைக் கலம் உடைவதோடு ஒப்பிட வழிசெய்கிறது.

முதல்வகைத் திசையை ‘மீளாமை’ எனவும், இரண்டாவதைக் ‘காலத்திருப்பச் சமச்சீர்மைக் குலைவு’ எனவும் வழங்குதல் தகும். பின்னது நீளமாயினும், இரண்டனையும் ‘திசை’ என்றே பெயர்த்தால் சகரோவ் ஏன் இரண்டையும் வேண்டினார் என்பது தமிழ் வாசகர்க்கு விளங்காமற் போகும்.