ஜி.எஸ்.டி. ரோட்டில் பிறந்த நாலு கதவு ஹெரால்டு

பழைய கார் வாங்கப் போறேன்னு ஆபீஸ்ல சொன்னா முதல்ல வர்ற கேள்வி, "மைலேஜ் எவ்ளோ தரும்?" அடுத்தது, "அந்தக் காசுக்குப் புதுசாவே ஒண்ணு எடுக்கலாமே?" இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனவங்க இங்க நாலு பேராவது இருப்பீங்கன்னு தெரியும் :-)

யாரும் கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. சரி, எந்தப் பழைய காரை வாங்கறது? அம்பாசிடரா, ஃபியட்டா, மாரிஸ் மைனரா, இல்ல காசு சேர்த்து முப்பதுகளின் ஆஸ்டினா? இதுக்குப் பாதி பதில் மெக்கானிக் ஷெட்டில் கிடைக்கும். மீதிப் பாதி சரித்திரத்தில்தான் இருக்கு. ஆணி பிடுங்கிய நேரம் போக ஆறேழு மாசமா இதையே படிச்சு, ஊர் ஊரா பார்த்ததில் எனக்குக் கிடைச்ச பதில்: நம்ம ஊர்க்காரனுக்குச் சரியான பழைய கார் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அதிலும் நாலு கதவு வெச்ச மார்க் 3. ஏன்னு சொல்றேன்.

முதல்ல ஒரு வார்த்தை விவகாரத்தை முடிச்சிடுவோம். "வின்டேஜ்" என்றால் பழசு எல்லாம் இல்லை. 1934ல் இங்கிலாந்தில் தொடங்கின வின்டேஜ் கார் கிளப்காரர்கள் 1930ஆம் வருஷக் கடைசியோடு கோடு போட்டுட்டாங்க. அவங்க கணக்குப்படி ஹெரால்டு வெறும் "கிளாசிக்". ஆனா நம்ம அரசாங்கம் 2021 ஜூலையில் கொண்டுவந்த விதிகளில் கணக்கு வேற. முதல் பதிவு நடந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேசிஸ், பாடி, இன்ஜின் எதையும் பெரிசா மாற்றாமல் அசல் வடிவத்தில் இருக்கணும். அப்படி இருந்தா அது வின்டேஜ். இந்தியாவில் ஹெரால்டு உற்பத்தி நின்றது 1971ல். கூட்டிப் பாருங்க. விதி வந்த வருஷம்தான் ஹெரால்டு வம்சத்தின் கடைக்குட்டியும் ஐம்பதைத் தொட்டது.

இனி கதைக்கு வருவோம்.

மெட்ராஸுக்குக் கார் செய்யற பைத்தியம் ரொம்பப் பழசு. 1903லேயே மவுண்ட் ரோடு சிம்ப்சன் கம்பெனியில் நீராவிக் கார் ஒண்ணு செஞ்சு ஓட்டிப் பார்த்திருக்காங்க. ஆனாலும் அடுத்த நாற்பது வருஷத்துக்கு மேல நாம ஓட்டினதெல்லாம் கப்பலில் வந்த வண்டிகளும், பெட்டி பெட்டியாய் வந்து இங்கே பூட்டப்பட்ட வண்டிகளும்தான். சுதந்திரத்துக்கு அப்புறம் நிலைமை மாறிச்சு. 1953ல் டாரிஃப் கமிஷன் சொன்னதன் சாரம் இதுதான்: இங்கேயே பாகங்களைச் செய்யறவன் இருக்கட்டும், வெறுமனே பூட்டி விற்கிறவன் கிளம்பட்டும். ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டினாங்க. கார் என்று பார்த்தால் மிஞ்சினது மூணு பேர். கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரிமியர், நம்ம மெட்ராஸில் ஸ்டாண்டர்டு.

இந்த ஸ்டாண்டர்டு, இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனியும் மெட்ராஸின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் 1940களின் கடைசியில் சேர்ந்து உருவாக்கியது. தொழிற்சாலை ஜி.எஸ்.டி. ரோட்டில், வண்டலூர் - பெருங்களத்தூர் பக்கம். முதல்ல வேன்கார்டு, அப்புறம் எய்ட், டென். 1961ல் ஹெரால்டு.

ஹெரால்டின் பிறப்பே ஒரு விபத்து மாதிரி. கோவென்ட்ரியில் இதை வடிவமைச்ச காலத்தில் உலகம் மோனோகாக் பக்கம் நகர்ந்துக்கிட்டு இருந்தது. அதாவது பாடியே எலும்புக்கூடாகவும் இருக்கும். ஆனா ஸ்டாண்டர்டுக்கு பாடி செஞ்சு கொடுத்துக்கிட்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வளைச்சுப் போட்டுடுச்சு. முழு பாடியை அடிச்சுத் தர ஆள் இல்லை. அதனால பழைய பாணிக்கே திரும்பினாங்க: கீழே தனி சேசிஸ், மேலே போல்ட்டு போட்டு முடுக்கின துண்டு துண்டான பாடி. இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிகெலோட்டி அதுக்கு அழகான உருவம் கொடுத்தார். 1959ல் இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டாக வெளிவந்தது.

அங்கே வேற வழியில்லாம செஞ்ச இந்த ஏற்பாடு நமக்கு வசதியாப் போச்சு. துண்டு துண்டாய் வர்ற வண்டியைப் பெரிய பிரஸ் இல்லாத ஊரிலும் பூட்டலாம். 948 சிசி இன்ஜின். அம்பாசிடரின் 1489 சிசியோடு பார்த்தா சின்னக் குழந்தை. ஆனா 25 அடி வட்டத்தில் திரும்பிடும். மயிலாப்பூர் மாடவீதியில் அம்பாசிடரைத் திருப்பினவங்களுக்கு இதோட அருமை புரியும். முன்பக்கம் மட்கார்டோடு சேர்த்து மொத்தமும் முன்னால் சாயும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம்.

ஒரே ஒரு குறை. ரெண்டு கதவுதான். நம்ம வீட்டுக் கணக்கை யோசிங்க. முன் சீட்டை மடக்கி, அந்த இடுக்கில் பாட்டி புடவையைப் பிடிச்சுக்கிட்டு நுழையணும், அதுக்கப்புறம் மடியில் ரெண்டு பேரப்பிள்ளைகள். அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் நாலு கதவு இருக்கிறப்போ இது தேறுமா? 1968ல் ஸ்டாண்டர்டு இதுக்கு முடிவு கட்டியது. ஹெரால்டு மார்க் 3, நாலு கதவோடு வந்தது.

இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்க. டிரையம்ஃப் ஹெரால்டு அதோட தாய்நாட்டில் 1971 வரைக்கும் வந்தது. சலூன், கூபே, திறந்த கூரை, எஸ்டேட், வேன் எல்லாம் செஞ்சாங்க. நாலு கதவு மட்டும் செய்யவே இல்லை. அது உலகத்திலேயே வண்டலூரில் மட்டும் நடந்த வேலை. "நாம காப்பி மட்டும்தான் அடிப்போம்" என்று சொல்ற மேதாவிகளுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

அடுத்து எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த கெஸல் இன்னொரு படி மேலே. ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்ஸில். ஆளும் மூட்டையும் ஏறினா பின் சக்கரங்கள் காலை அகட்டி நிற்கும். நம்ம மெக்கானிக்குகளுக்கு அது பிடிக்கலை. கெஸலில் அதைத் தூக்கிட்டு சாதாரண ஆக்ஸிலைப் போட்டாங்க. ஆனா எண்ணிக்கை குறைவு. 1977ல் அதுவும் நின்னுபோச்சு.

அப்புறம் கொஞ்ச வருஷம் வேன் மட்டும். 1985ல் ரோவர் எஸ்.டி.1 உடம்புக்குள் பழைய வேன்கார்டு காலத்து இன்ஜினைத் திணிச்சு ஸ்டாண்டர்டு 2000 என்று விட்டாங்க. யானைக்கு ஆட்டுக்குட்டி நெஞ்சு. 1988ல் கதவை மூடிட்டாங்க. 2006ல் கம்பெனி கலைக்கப்பட்டப்போ, மிச்சமிருந்த எஸ்.டி.1 உதிரி பாகங்களை வாங்கினது இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ். மெட்ராஸில் செஞ்ச சாமான் கப்பலேறி இங்கிலாந்துக்கே போயிடுச்சு. தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போ ஐ.டி. பார்க். நம்மள மாதிரி பொட்டி தட்டறவங்க உட்கார்ந்திருக்காங்க.

இதுல எங்க ஊர் எங்கே வருதுன்னு கேட்கறீங்களா? அந்தக் கார்கள் பிறந்தது மெட்ராஸுக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. ரோட்டில். எங்க எளாவூர் வடக்கே ஜி.என்.டி. ரோட்டில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திரா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால். கும்மிடிப்பூண்டி சிப்காட் சுத்துவட்டாரத்தில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி போடற ஆலைகள் நிறைய. எங்க ஊரைத் தாண்டிப் போகிற ஸ்கிராப் லாரிகளில் நசுங்கின கார் கதவுகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு ஹெரால்டு எடை மேடையில் சுமார் 800 கிலோ. அவ்வளவுதான் அதோட கடைசி விலை. அரைக் கிலோமீட்டர் தள்ளி எவன் வீட்டுத் தூணுக்குள்ளேயோ கம்பியா நிற்கும்.

எங்க பக்கத்திலேயே வேப்பமரத்தடியில் தார்பாய் மூடின நாலு கதவு ஒண்ணு இருக்கு. எம்.எஸ். எழுத்தில் தொடங்கற பழைய மெட்ராஸ் நம்பர். சொந்தக்காரர் எழுபதைத் தாண்டியவர். "எடைக்குக் கேட்டு மூணு தபா வந்துட்டானுங்க தம்பி. கார் என்ன எடைக்குப் போடற சாமானா?" என்றார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோணுச்சு. "ஆர்.சி. புக் இருக்குதுங்களா ஐயா?" என்றேன். "வீடு மாத்தினப்போ எங்கயோ பூட்சுப்பா" என்றார். இப்போ அவரே டூப்ளிகேட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கார். உரிமையாளர்தான் கேட்க முடியும், நான் கேட்க முடியாது. அது வர்ற வரைக்கும் நான் ஒரு ரூபா அட்வான்ஸ் கொடுக்கப் போறதில்லை.

ஏன் இவ்வளவு கறார்னு கேட்பீங்க. வாங்கப் போறவங்களுக்காக நான் பார்க்கிற வரிசையைச் சொல்றேன்.

1. காகிதம். 2021 விதிப்படி வின்டேஜ் பதிவுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி. வேணும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், புதுப்பிக்க 5,000. பழைய நம்பரையே வெச்சுக்கலாம். ஆனா தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் இதுக்கெல்லாம் மட்டும்தான் ரோட்டுக்கு வரணும். எங்க ஊர் மாதிரி எல்லை ஊரில் ஆந்திரா நம்பர் வண்டி மலிவா வந்தா, அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கித் தருவாரான்னு முதல்ல கேளுங்க.

2. நம்பர். சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் புக்கில் இருக்கிறதோட ஒத்துப்போகணும். ஒரு காலத்தில் டீசல் மலிவுன்னு பழைய கார்களில் டீசல் இன்ஜின் மாத்தினது ஏராளம். அது ஓடும். ஆனா விதிப்படி வின்டேஜ் ஆகாது.

3. சேசிஸ். பாடியில் துரு இருந்தா தகரம் அடிக்கலாம். ஹெரால்டுக்கு உயிர் சேசிஸில். படுத்துப் பாருங்க. பக்கவாட்டில் நீட்டின கைகளும் பின்பக்கமும்தான் முதல்ல போகும். ஸ்குரூ டிரைவர் உள்ளே இறங்கினா எழுந்து வந்துடுங்க.

4. முன் சக்கரத்து டிரன்னியன். இதுக்குப் போட வேண்டியது கிரீஸ் இல்லை, 90 நம்பர் கியர் ஆயில். எண்ணெய் காணாத டிரன்னியன் ஒருநாள் உடையும், சக்கரம் உள்பக்கமா மடங்கிப் படுத்துடும்.

5. உதிரி பாகம். இங்கேதான் மனசு ஊசலாடும். இன்ஜினுக்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் பெரிய கவலை இல்லை. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இதே பரம்பரை என்பதால் இங்கிலாந்தில் இன்னும் சாமான் விற்கிறாங்க. ரெண்டு கதவு ஹெரால்டுன்னா கதவு, கண்ணாடி, ரப்பர் கூட அங்கிருந்து வரவழைக்கலாம். நாலு கதவுக்கு? பின் கதவு ஒண்ணு வேணும்னா இன்னொரு செத்த நாலு கதவு வண்டியிலிருந்துதான் கழட்டணும். புதுப்பேட்டையில் கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க.

புத்திசாலி ரெண்டு கதவை வாங்குவான். இன்னும் புத்திசாலி அம்பாசிடர் வாங்குவான். 2014 வரைக்கும் செஞ்ச வண்டி, சாமான் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கணக்குப்படி நாலு கதவு ஹெரால்டு தப்பான வண்டி.

ஆனா சரித்திரப்படி அதுதான் சரி. ரெண்டு கதவு ஹெரால்டைக் காப்பாத்த இங்கிலாந்தில் கிளப்பே இருக்கு. அம்பாசிடரைக் காப்பாத்த இந்தியா பூரா ஆள் இருக்கு. ரோல்ஸ் ராய்ஸுக்கு ராஜாக்கள் இருக்காங்க. வண்டலூர்க்காரன் தன் ஊர் ஜனங்களுக்காக நாலு கதவு வெச்ச அந்த வண்டிக்கு உலகத்தில் வேற ஆள் கிடையாது. நாம எடுத்து வெச்சாத்தான் உண்டு. இல்லேன்னா ஒவ்வொண்ணா உருகி முடிஞ்சதும், இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்லக்கூட ஒரு கதவு மிஞ்சாது.

அதனால மக்களே, உங்க ஊரில், தாத்தா வீட்டுக் கொட்டகையில், மூடிக்கிடக்கிற ரைஸ் மில்லில் நாலு கதவு ஹெரால்டு எங்கயாவது கண்ணில் பட்டா, வாங்காட்டியும் பரவாயில்லை. ஆர்.சி. புக் எங்கேன்னு கேட்டு அதைப் பத்திரமா எடுத்து வைக்கச் சொல்லுங்க. பின்னூட்டத்தில் ஊர்ப் பேரை மட்டும் போடுங்க. எத்தனை மிச்சம் இருக்குன்னு எண்ணிப் பார்க்கலாம்.

டிஸ்கி: உடைஞ்சு போன வண்டியின் பின் கதவு, இடது பக்கம், யாரிடமாவது இருந்தா எடைக்குப் போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு குரல் கொடுங்க :-)