பண்டத்துக்கு வண்டி, மனிதனுக்கு நடை

பாதைகளுக்கும் வரலாறு உண்டு. மன்னர்கள் படை நடத்திச் சென்ற பாதைகளைப் பாடநூல்கள் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. உழைக்கும் மக்கள் நடந்து நடந்து உண்டாக்கிய பாதைகளுக்கோ பெரும்பாலும் பெயருமில்லை, நினைவுக் கல்லுமில்லை.

மேல்நாடுகளில் கைவிடப்பட்ட புகையிரதப் பாதைகளிலிருந்து தண்டவாளங்களை அகற்றி, நிலத்தைச் சமன்செய்து, சைக்கிள் ஓட்டுவோருக்கும் நடப்போருக்கும் திறந்துவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பைன் கிரீக் ஆறு மலையைக் குடைந்து ஓடும் பள்ளத்தாக்கில் 62 மைல் நீளமான அத்தகைய பாதை ஒன்று உண்டு. 1883ஆம் ஆண்டில் அங்கே புகையிரதம் வந்ததும் மலைக்காடுகள் மரமாக வெட்டப்பட்டு அதில் ஏற்றப்பட்டன, மலைகள் மொட்டையாயின. 1988இல் கடைசி வண்டி சென்றது. இன்று காடு மறுபடி வளர்ந்துவிட்டது. சைக்கிளில் செல்வோர் ஆற்றின் அழகைக் கண்டு களிக்கின்றனர். களிக்கட்டும், உழைப்பவனுக்கும் ஓய்வும் இயற்கையும் வேண்டும். ஆனால் அந்தப் பாதையை அமைத்த கைகள் எவருடையவை, அதன் வழியே போன செல்வம் எவரைச் சேர்ந்தது என்ற கேள்விகள் அழகுக்குப் பின்னே மறைந்துவிடலாகாது.

இக்கேள்விகளோடு நமது மன்னார்ப் பாதையைப் பார்ப்போம்.

மன்னார்த் தீவின் தென்கரையில், மன்னார் வளைகுடாவை நோக்கியிருக்கும் மீனவக் கிராமம் தாழ்வுபாடு. அங்கிருந்து சைக்கிளில் புறப்பட்டு மன்னார் நகரை அடைந்து, தலைமன்னார் வீதியில் திரும்பினால், தோட்டவெளி, பேசாலை என்று புகையிரதப் பாதையும் நம்மோடு கூடவே வரும். மலையில்லை, பள்ளத்தாக்கில்லை. மணலும் பனையும் உப்புக்காற்றுமே உண்டு. ஆயினும், இலங்கையின் மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளில் இன்று காணும் தேயிலைப் பசுமைக்கு ஒரு தொடக்கம் இந்த வறண்ட மணலில்தான் இருக்கிறது.

1820களில் ஆங்கிலேயர் கண்டிச் சீமையில் கோப்பித் தோட்டங்களைத் தொடங்கினார்கள். அவற்றில் வேலை செய்யத் தென்தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டார்கள். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் அவர்களைப் பின்னிருந்து தள்ளின. கங்காணியின் வாக்குறுதி முன்னிருந்து இழுத்தது. தோணிகளில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், அங்கிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். கோப்பி பருவத்துக்குப் பறிக்கப்படும் பயிர். எனவே பருவம் முடிந்ததும் பலர் அதே வழியில் திரும்பி நடந்தார்கள். தண்ணீரில்லாத வழி, காலராவும் அம்மையும் காத்திருந்த வழி. அவ்வழியில் மாண்டவர்களின் தொகை குறித்து அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அவர்களுடைய பெயர்களைக் குறித்து வாதிடுவார் இல்லை, அவற்றை எவரும் எழுதிவைக்காததால்.

இங்கே ஓர் உண்மையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலேயே புகையிரதம் ஓடத் தொடங்கிவிட்டது. 1880இல் அது மாத்தளைக்கும் வந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்கு விரைவாகவும் மலிவாகவும் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே தோட்ட முதலாளிகளின் அவசரம். பறித்த கோப்பி வண்டியேறிப் போயிற்று. அதைப் பறிக்க வந்தவனோ இன்னும் மன்னார்க் காட்டில் நடந்துகொண்டிருந்தான். பண்டத்துக்கு வண்டி, மனிதனுக்கு நடை! காலனி ஆட்சி கொண்டுவந்த முன்னேற்றத்தின் இலக்கணம் இதுவே.

கோப்பி நோயில் அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும், குடும்பம் குடும்பமாக வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தொற்றுநோய்க்கு அஞ்சி வடக்குப் பாதை மூடப்பட, ஆட்கள் தூத்துக்குடி வழியே கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பின்னர் 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டன. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல்கள் ஓடின. கர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று அவற்றுக்கு இந்திய வைசிராய்களின் பெயர்கள்! கடற்கரையில் மண்டபம் முகாமில் தொழிலாளர்கள் தடுத்துவைக்கப்பட்டு, நோயற்றவர்கள் என்று கண்ட பின்னரே அனுப்பப்பட்டார்கள். ஒருவழியாக மனிதனுக்கும் வண்டி கிடைத்தது. ஆனால் தோட்டத்தை அடையுமுன்பே வழிச்செலவு அவன் தலையில் கடனாக ஏறியிருந்தது.

அழைத்து வந்த பாதையே அனுப்பிவைக்கும் பாதையாகவும் ஆயிற்று. 1948இல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்குபோட்டது: இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்க்கலாம்! மக்களை ஒரு வார்த்தை கேட்காமலே இக்கணக்கு முடிந்தது. அவ்வாண்டு டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் பின்பு இராமேசுவரத்துக்கு ஓடிற்று. மூன்று தலைமுறை உழைத்த மண்ணைவிட்டு, தகரப் பெட்டிகளோடும் முதியோரோடும் மக்கள் தலைமன்னாருக்கு வண்டியேறினார்கள். அக்கரையில் அவர்களை எதிர்கொண்டது, அவர்களுடைய பாட்டன்மார் அடைபட்டிருந்த அதே மண்டபம் முகாம்.

1984இல் கப்பல் நின்றது. 1990இல் போர் புகையிரதத்தையும் நிறுத்தியது. மன்னார்க் கடலிடுக்கின் மேலிருந்த புகையிரதப் பாலம் தகர்க்கப்பட்டது. வடக்கின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் காப்பரண்களுக்குப் போயின. இந்தியக் கடனுதவியுடன் மடு வீதி வரை 2013இலும், தலைமன்னார் வரை 2015 மார்ச்சிலும் பாதை மீண்டது. மெதவாச்சியிலிருந்து 106 கிலோமீற்றர். வண்டி வந்தது நல்லதே. ஆனால் பாதையின் நினைவை எந்த ஒப்பந்தக்காரரும் திருத்தியமைத்துத் தர முடியாது. அதனை மக்களே செய்ய வேண்டும்.

செய்தும் காட்டினார்கள். மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, 2023 ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம், சுமார் 250 கிலோமீற்றர் கடந்து ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தது. அன்று கடன்பட்டு நடந்த வழியில், இன்று நிலமும் வீடும் நியாயமான ஊதியமும் கேட்டு அவர்களுடைய சந்ததியினர் நடந்தார்கள். இப்பாதையின் வரலாற்றில் உழைப்பாளர் தம் விருப்பப்படி நடந்த பெருநடை அது.

பாதையின் மறுமுனையை நோக்குவோம். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியே இராகலைக்கு, தோட்டங்களுக்கென்றே ஒரு சிறு புகையிரதம் மலைச்சரிவுகளில் ஊர்ந்து சென்றது. 1940களில் அது கைவிடப்பட்டது. இன்று அம்மலைநாட்டின் பழைய தேயிலைத் தடங்களை இணைத்து, பீக்கோ டிரெயில் என்ற பெயரில் 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட உல்லாசப் பாதை அமைந்திருக்கிறது. பயணி பள்ளத்தாக்கையும் அருவியையும் படம் பிடிக்கிறான். வழியோரத்து லயன் அறைகளும் அப்படத்தின் ஓரத்தில் விழுகின்றன. அவற்றில் வாழ்வோரிற் பலருக்குத் தாம் குடியிருக்கும் காணிக்கு இன்றும் உறுதிப்பத்திரம் இல்லை.

மன்னார்க் கரையிலும் நாளை உல்லாசப் பாதைகள் வரலாம், சைக்கிள்கள் ஓடலாம். ஓடட்டும். அவை வருமுன்னரே நம் ஆசிரியர்கள் தம் மாணவர்களைத் தாழ்வுபாட்டிலிருந்தும் பேசாலையிலிருந்தும் சைக்கிளில் தலைமன்னாருக்கு அழைத்துச் செல்லட்டும். துறையில் நின்று, இங்கே இறங்கியவர் எவர், ஏன் இறங்கினார், ஏன் திருப்பி அனுப்பப்பட்டார் என்று கேட்கச் செய்யட்டும். வழிநெடுகக் கற்கள் நடுவோம். அவற்றில் பொறிக்க நம்மிடம் பெயர்கள் இல்லை. ஆயினும், நடந்தவர்களின் சந்ததியினர் காணியுறுதியைக் கையில் பெறும் நாளே அக்கற்களின் எழுத்து நிறைவெய்தும் நாள்.