முன் அனுபவமும் மலைநாட்டுச் சரித்திரமும்

உத்தியோகம் வேண்டி விண்ணப்பம் எழுதும் இளைஞரை நோக்கி எழுப்பப்படும் முதற் கேள்வி, ‘முன் அனுபவம் உண்டா?’ என்பதாகும். தேயிலைத் தோட்டத்திற் பிறந்து, அங்கேயே சில காலம் உழைத்து, பின்னர் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை தேடி மலையிறங்குகின்றவர்களுக்கு இக்கேள்வி ஒரு மதிலாகவே நிற்கின்றது. கொழுந்து கிள்ளவும் கவ்வாத்து வெட்டவும் அறிந்தவர்களுக்குக் கணக்கும் இயந்திரமும் எவ்வாறு வரும் என்று கேட்பவர்கள், தமது கேள்வி மிகவும் நியாயமானது என்றே நம்புகின்றனர். அது நியாயமானதுதானா என்பதை மலைநாட்டின் சரித்திரத்தைக் கொண்டே நாம் பரிசீலிக்கலாம். அதற்குப் பேராதனையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். மலைநாட்டுத் தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறிய கதைக்கு அங்கே மகாவலியின் இரு கரைகளும் சாட்சி.

பேராதனைத் தாவரவியற் பூங்கா 1821 இல் அலெக்சாந்தர் மூன் என்பவரால் நிறுவப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளில், ஆற்றின் மறுகரையிலுள்ள கன்னொறுவையில் கோப்பித் தோட்டம் ஒன்று எழுந்தது. அதனைத் திறந்தவர் மண்ணோடு பழகிய குடியானவரா? அல்லர். 1824 முதல் 1831 வரை இலங்கையின் தேசாதிபதியாக ஆண்ட சேர் எட்வர்ட் பான்ஸ். வாட்டர்லூப் போரிற் பங்குகொண்ட படைத்தலைவர். அவர் காட்டிய வழியிற் படை அதிகாரிகளும், நீதிபதிகளும், சிவில் உத்தியோகத்தரும், பாதிரிமாருங்கூடக் கோப்பித் தோட்டக்காரராயினர். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், கிராம மக்கள் சேனை செய்துவந்த காடுகளை அரசின் உடைமையாக்கிற்று. ஏக்கர் ஐந்து ஷில்லிங் வீதம் அவை விற்பனையாயின.

இவர்களுள் எத்தனை பேருக்குக் கோப்பிச் செய்கையில் முன் அனுபவம் இருந்தது? மேற்கிந்தியத் தீவுகளின் முறையை அறிந்துவந்த ஒரு சிலரை நீக்கினால், ஏனையோர் யாவரும் புதியவர்களே. 1840களின் பிற்பகுதியில் விலை சரிந்தபோது பலர் நொடித்துப்போயினர். ஆயினும், அவர்களைப் பார்த்து ‘உமக்கு இத்தொழிலில் என்ன பழக்கம்?’ என்று எவரும் கேட்டாரில்லை. மலிவான நிலமும், வங்கிக் கடனும், வேண்டிய சட்டத்தை வேண்டியபோது இயற்றித்தரும் அரசும் அவர்களுக்குத் துணைநின்றன. தவறு செய்து கற்றுக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

இனி, மற்றொரு கூட்டத்தாரைப் பார்ப்போம். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் ஆகிய சீமைகளிலிருந்து கங்காணிமாருடன் புறப்பட்டு வந்த இவர்கள் நெல்லும் கம்பும் கேழ்வரகும் விளைவித்தவர்கள். கோப்பிச் செடியைக் கண்ணாற் கண்டிராதவர்கள். மன்னாரில் இறங்கி, மாத்தளை நோக்கிக் காட்டுவழியே கால்நடையாக வந்தனர். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர். எஞ்சியோர் காடு வெட்டினர், கான் வெட்டினர், கன்று நட்டனர், பழம் பறித்தனர். இவர்களிடமும் முன் அனுபவம் கேட்கப்படவில்லை. குறைந்த கூலிக்கு உழைக்கும் கைகள் இருந்தாற் போதுமென்று கருதப்பட்டது. துரை தொழில் கற்ற காலத்தின் செலவை வங்கி தாங்கிற்று. தொழிலாளி தொழில் கற்ற காலத்தின் செலவோ, ஊரைவிட்டுப் புறப்படும்போதே கங்காணி கொடுத்த முன்பணமாக, அவனுடைய பெயரிற் கடனாக ஏறிற்று.

1869 இல் கோப்பி இலையிற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் அவ்விலைகளை ஆராய்ச்சிக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். அது ஒரு பூஞ்சண நோய் எனத் தெரியவந்தது. 1880 இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி வந்து ஆராய்ந்தபோது, கோப்பியைக் காப்பாற்றும் காலம் கடந்துவிட்டது. 1884 இல் தோட்டங்களுக்குக் கடனளித்துவந்த ஓரியன்டல் வங்கியும் முறிந்தது. மலைநாடு முழுவதும் தொழில் மாறவேண்டியதாயிற்று. முதலிற் சின்கோனா மரத்தை நட்டனர். அளவுக்கு மிஞ்சி விளைந்ததால் அதன் விலையும் வீழ்ந்தது. பிறகு தேயிலை வந்தது. அசாம் தேயிலை விதை 1839 இலேயே கல்கத்தாவிலிருந்து பேராதனைக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆனால், 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அதனைத் தொழிலாக நடத்திக்காட்டியவர் ஜேம்ஸ் டெய்லர். ஸ்கொத்லாந்திலிருந்து பதினேழு வயதளவிற் கோப்பித் தோட்டத்திற்கு வந்த அவர், தமது பங்களாவின் விறாந்தையிற் கொழுந்தைக் கையால் உருட்டிப் பரிசோதனை செய்து, தேயிலைத் தொழிலைக் கற்றார்.

டெய்லரின் முயற்சியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், அவரோடு சேர்ந்து கற்றவர்கள் யார்? பருவத்திற்கு ஒருமுறை கோப்பிப் பழம் பறித்த அதே கைகள், சின்கோனாப் பட்டை உரித்தன. பின்னர் ஆண்டு முழுவதும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தெடுக்கப் பழகின. கொழுந்தெடுக்கும் பெண்களின் விரல் நுட்பத்தின் மீதே உலகச் சந்தையில் இலங்கைத் தேயிலையின் பெயர் எழுந்தது. ஒரே தலைமுறையில் மூன்று தொழில்களைக் கற்று, மூன்றிலும் தேறிய மக்களைப் பார்த்து, ‘இவர்களுக்கு வேறொன்றும் வராது’ என்று சொல்வது சரித்திரத்திற்கு முற்றிலும் முரணானது.

அவ்வாறு சொல்லப்பட்டதன் காரணம் வேறு. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டியிருந்தது. ஆகவே, அவர்களை லயங்களில் நிலைநிறுத்துவது அவசியமாயிற்று. ‘துண்டு’ என்றொரு காகிதம் இருந்தது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் அவனை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அஃதில்லாமல் மறு தோட்டத்தில் வேலை கிடையாது. ஏனையோரின் விண்ணப்பத்திலே தகுதி எழுதப்பட்டது. தோட்டத் தொழிலாளியின் விண்ணப்பத்திலே கடன் எழுதப்பட்டது! 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எனினும், 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் வேறொரு மதிலை எழுப்பி, நாடற்றவராக்கப்பட்ட மக்களுக்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவை அடைத்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன.

தொழில் மாறும் துணிவு மட்டும் போதுமா? இதற்கு 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் விடை தருகின்றது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று அவ்வொப்பந்தம் விதித்தது. தாயகம் திரும்பியோரென அழைக்கப்பட்ட இவர்களுள் ஒரு பகுதியினருக்கு, நீலகிரியில் 1968 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் தெரிந்த தொழிலே கிடைத்தது. வேறு பலருக்குச் சிறுவியாபாரக் கடன் வழங்கப்பட்டது. தராசு பிடித்தறியாதவர்கள், புதிய ஊரில், பயிற்சியோ வழிகாட்டலோ இன்றிக் கடைவைத்து, கடனோடு முதலையும் இழந்தனர். சிலர் கொடைக்கானல் மலைகளிற் கொத்தடிமைகளாக உழன்றமை 1980களில் வெளிவந்தது. கற்கும் காலத்திற் சோறுபோட ஓர் ஏற்பாடு இல்லாமற்போனதே அவர்களை வீழ்த்தியது.

பேராதனைக்கே மீளுவோம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் அங்கு வந்தமர்ந்தது. தாய்மொழிக் கல்வி பரவி, கிராமத்துப் பிள்ளைகள் திரளாக அதன் வாயிலை மிதித்தனர். பட்டம் பெற்று வெளியேறியவர்களையும் அதே கேள்விதான் எதிர்கொண்டது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியிற் படித்த சிங்கள இளைஞர்கள் பெருந்தொகையாகச் சேர்ந்தமைக்கு வேலையின்மையும் ஒரு காரணம். அவ்வாண்டில் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் ஸ்தாபனக் குழுவினர், கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் நாட்டிலுள்ள வேலைக்கும் இடையேயிருந்த பிளவை எடுத்துக்காட்டினர். கண்டிச் சிங்களக் குடியானவனின் மகனையும் தோட்டத் தமிழ்த் தொழிலாளியின் மகளையும் தடுத்து நிற்பது ஒரே மதில் என்பதை நாம் உணரவேண்டும்.

ஆகவே, முன் அனுபவம் பற்றிய விவாதம் தனிமனிதரின் துணிவைப் பற்றியதன்று. புதிய தொழிலைக் கற்கும் காலத்தின் செலவை யார் ஏற்பது என்பதைப் பற்றியது. துரைமாருக்காக அரசும் வங்கியும் அதனை ஏற்றன. உழைப்பாளியின் பிள்ளைகளுக்காகவும் ஏற்கட்டும். ஊதியத்தோடு கூடிய பயிற்சியும், மலையகத்திலேயே தொழிற்கல்லூரிகளும், இரு மொழிகளிலும் கற்கும் வாய்ப்பும் சலுகைகளல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொடுபடாதிருக்கும் கடன்.

விண்ணப்பம் எழுதும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘முன் அனுபவம்’ என்ற கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். விடியுமுன் எழுந்து நேரந்தவறாமற் பணிக்குச் சென்றதும், நிறை பார்த்துக் கணக்கு வைத்ததும், மழையிலும் சரிவிலும் குழுவாக உழைத்ததும் அனுபவமே. நும் பாட்டன்மார் கோப்பியையும் சின்கோனாவையும் தேயிலையையும் முன்பின் அறியாமலே கற்றுத் தேர்ந்தவர்கள். அதனை எழுதுங்கள்; கேட்பவர் முன் தலைநிமிர்ந்து சொல்லுங்கள்.