பெருந்துப்பாக்கியும் பின்னுதைப்பும்: ஊவா வேட்டை வரலாற்றில் ஒரு பகுதி

பதுளை நகரிலுள்ள பரிசுத்த மாற்கு ஆலயம் 1857 ஆம் ஆண்டிற் பிரதிட்டை செய்யப்பெற்றது. பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கிய மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பாரின் நினைவாக அவர்தம் நண்பர் அதனை எழுப்பினர். அவர் 1845 ஆம் ஆண்டு யூன் 7 ஆந் திகதி அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். ஊவாவில் வீதி சமைத்தவர் என்னும் புகழினும், யானைகளைக் கொன்றவர் என்னும் பெயரே அவர்க்கு நிலைத்தது. அவர் கொன்ற யானைகள் 1,400 இற்கு மேற்பட்டன என எமேர்சன் தெனன்ற் எழுதியுள்ளார். யானைகளைக் கொல்வோர்க்கு அரசாங்கம் வெகுமதி வழங்கிய காலம் அது.

அக்காலத்துப் பெருவேட்டையின் இயல்பை அறியவேண்டின், துப்பாக்கியின் பின்னுதைப்பினை முதலில் அறிதல் வேண்டும். யானையின் மண்டையோட்டை ஊடுருவுதற்குப் பாரமான குண்டும் மிகுந்த வெடிமருந்தும் வேண்டும். குண்டு முன்னோக்கிப் பாயும்பொழுது துப்பாக்கி பின்னோக்கித் தள்ளப்படும் என்பது, நியூற்றன் 1687 இல் வெளியிட்ட மூன்றாம் விதியின் விளைவேயாகும். அவ்வுதையைத் தாங்குவது சுடுவோனின் தோள். அதனைத் தணிக்க அன்றைய வேட்டைக்காரர் கைக்கொண்ட முதன்மையான வழி, துப்பாக்கியின் பாரத்தைப் பெருக்குதலாம். ஒரே குண்டையும் மருந்தையும் இட்டுச் சுடுமிடத்து, 7 இறாத்தற் துப்பாக்கியினும் 21 இறாத்தற் துப்பாக்கி மூன்றிலொரு பங்கு வேகத்துடனேயே பின்னுதைக்கும். உதையின் சக்தியும் மூன்றிலொரு பங்காகக் குறையும்.

நுவரெலியாவிற் பண்ணை அமைத்து வாழ்ந்த சாமுவேல் பேக்கரிடம் இத்தகைய துப்பாக்கி இருந்தது. பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்பார் செய்த அத்துப்பாக்கியின் பாரம் 21 இறாத்தல். ஒருமுறை சுடுதற்கு இட்ட மருந்து ஓரவுன்சு. குண்டின் நிறை நான்கு அவுன்சு வரை. குழல்வாயில் மருந்திட்டு நிரப்பும் துப்பாக்கியாதலின், மீண்டும் நிரப்புதற்கு நேரம் செல்லும். ஆகவே, நிரப்பிய துப்பாக்கிகள் பலவற்றைச் சுமந்து வேட்டைக்காரனைப் பின்தொடர உதவியாளர் வேண்டப்பட்டனர். எனவே, எசமானின் தோளைக் காத்த பாரம் காட்டுவழியிலும் மலையேற்றத்திலும் பிறர் தோளில் ஏறிற்று.

பிறிதொரு வழியும் அந்நாளிலேயே தோன்றியது. 1842 இல், பிரான்சு நாட்டுத் திறெயில் டீ போலியே என்பார் பீரங்கிக் குழலின் முனையருகே சாய்வான துளைகள் இட்டுச் சோதித்தார். இதுவே, குழல்வாயிற் பொருத்தப்படும் இன்றைய பின்னுதைப்புத் தடுப்பானுக்கு முன்னோடியாம். குண்டின் பின்னே பீறிட்டு வரும் வாயுவைப் பக்கங்களிலும் பின்புறமாகவும் திருப்பினால், அவ்வாயுவே துப்பாக்கியை முன்னோக்கி இழுக்கும். 1884 இற் புகையற்ற மருந்து தோன்றி வாயுவின் அழுத்தம் மிகுந்தபின் இதன் பயன் பெருகிற்று. ஆயினும், பக்கங்களிற் பாயும் வெடியோசையும் காற்றடியும் அருகில் நிற்போர் செவியைத் தாக்கும். தனியே நின்று, காதுகளை மூடிக்கொண்டு இலக்குப் பழகுவோனுக்குத் தடுப்பான் ஏற்றது. துணைவர் அருகிருக்கும் வேட்டைக்கு, பாரமான துப்பாக்கியே நன்று. தேர்வு செய்வோன் தன் தோளை மட்டுமன்றி அயலவன் செவியையும் எண்ணுதல் வேண்டும்.

இவ்விரு வழிகளாலும் உதை அழிவதில்லை. இடம் மாறுவதே உண்மை. இதனை மனத்திற் கொண்டு ஊவாவின் வரலாற்றை நோக்குவோமாக. காடுகள் கோப்பித் தோட்டங்களாகவும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களாகவும் மாறின. உயர்மலைகளினின்றும் யானைக் கூட்டங்கள் மறைந்தன. வெல்லவாய, புத்தல முதலிய தாழ்நிலங்களில் எஞ்சியவற்றை, 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் காக்க முற்பட்டது. ரொஜர்சின் பெயர் பதுளையிற் கல்லில் உளது. துப்பாக்கி சுமந்தோர்க்கோ அத்தகைய கல் இல்லை. எய்தவனை மட்டுமன்றிச் சுமந்தவனையும் எழுதும் வரலாறே நிறைவுடைய வரலாறாகும்.